நாலு ட்ராக், ஒரு மைக், கொஞ்சம் சிரட்டை

“ஸ்டூடியோ ஒண்டு இல்லாம எப்பிடி மச்சான் பாட்டு செய்யிற?”

வண்ணாத்திவில்லுப் பக்கம் பாட்டு எழுதுகிற, ராப் செய்கிற, கீபோர்ட் தட்டுகிற யாரைப் பிடித்தாலும் பேச்சு கடைசியில் இந்தக் கேள்வியில்தான் வந்து நிற்கும். நல்ல ஸ்டூடியோ என்றால் கொழும்புக்குப் போகவேண்டும். மணித்தியாலக் கணக்கில் காசு. போய் வருகிற பஸ் செலவு, சாப்பாடு வேறு. ஆக, பாட்டுகள் போனுக்குள்ளே வொய்ஸ் நோட்டாகக் கிடக்கின்றன. போன் தண்ணீரில் விழுந்தால் பாட்டும் விழுந்தது.

நாங்கள் கலைப்பீடத்துப் பிள்ளைகள். சவுண்ட் எஞ்சினியரிங் படித்தவர்கள் இல்லை. அதனால் இந்தக் கேள்விக்கு வரலாற்றின் பக்கமிருந்துதான் எங்களுக்குப் பதில் தேடத் தெரியும். ஸ்டூடியோ இல்லாமல், அல்லது இருந்தும் அதை விட்டுவிட்டு, வீட்டிலும் அறையிலும் பாட்டுப் பதிந்தவர்கள் என்ன செய்தார்கள் என்று கொஞ்ச காலமாகத் தோண்டிக்கொண்டிருக்கிறோம். தோண்டத் தோண்ட ஒரு விஷயம் திரும்பத் திரும்பக் கண்ணில் பட்டது. கருவி குறைவாக இருந்தவர்கள், இன்றைக்கு நாம் மிக்ஸிங் என்று சொல்கிற வேலையில் பாதியை ரெக்கோர்ட் பட்டனை அமுக்குவதற்கு முன்னமே முடித்துவிட்டார்கள்.

இது எங்கிருந்து தொடங்குகிறது என்று பார்த்தால், 1902 இல் கல்கத்தாவில் ஒரு ஹோட்டல் அறை.

அந்த வருசம் லண்டன் கிராமபோன் கம்பனியின் ஆள் ஃப்ரெட் கைஸ்பெர்க் இந்தியாவுக்கு வந்து, ஹோட்டல் அறையையே ஒலிப்பதிவுக் கூடமாக மாற்றினார். பாட வந்தவர்களில் ஒருவர் கவ்ஹர் ஜான். அப்போது மைக் கிடையாது, அம்ப்ளிஃபயர் கிடையாது. சுவரில் பெரிய புனல் ஒன்று. அதற்குள் பாடவேண்டும். அந்தச் சத்தத்தின் பலத்திலேயே ஊசி அதிர்ந்து மெழுகுத் தட்டில் கோடு கீறும். ஒரு பக்கத்தில் கொள்வது கிட்டத்தட்ட மூன்று நிமிடம். ஒரு ராகத்தை ஒரு மணித்தியாலம் விரித்துப் பாடிப் பழகியவர்களுக்கு மூன்று நிமிடம்! பல வித்துவான்கள் இது சரிவராது என்று ஒதுங்கினார்கள். கவ்ஹர் ஜான் ஒதுங்கவில்லை. எதை விடுவது, எதைச் சுருக்குவது, எங்கே முடிப்பது என்று தீர்மானித்துக்கொண்டு வந்து பாடினார். பாட்டு முடிந்ததும் ஆங்கிலத்தில் தன் பெயரையும் சத்தமாகச் சொல்வார். தட்டுகள் ஜெர்மனியின் ஹனோவருக்குப் போய்த்தான் அச்சாகும். அங்கே இருக்கிறவனுக்கு இது யார் பாடியது என்று தெரியவேண்டுமே, அதற்காக. இன்றைய ராப் பொடியன்கள் பாட்டுக்குள்ளே தங்கள் பெயரைச் சொல்கிறார்களே, அதற்கு இப்படி ஒரு பாட்டியும் உண்டு.

எங்களுக்கு இதில் முக்கியமாகப் பட்டது பெயர் சொன்னது இல்லை, நின்ற இடம். புனல் ஒன்றுதான் என்பதால் யார் எவ்வளவு கேட்கவேண்டும் என்பதைத் தூரம்தான் தீர்மானித்தது. சத்தமான வாத்தியம் தள்ளி நிற்கும், மெல்லியது புனலுக்குக் கிட்ட வரும். பாடகர் மேல் ஸ்தாயிக்குப் போகும்போது தலையைப் பின்னுக்கு எடுக்கவேண்டும். இல்லையென்றால் ஊசி பாய்ந்துவிடும். இன்றைக்கு வொலியூம் ஃபேடரும் கொம்பிரஸரும் செய்கிற வேலையை அன்றைக்குக் கால்களும் கழுத்தும் செய்தன. 1925 வாக்கில் மைக் வழியாக மின்சார ஒலிப்பதிவு வந்த பிறகும் கன காலத்துக்கு ஒரே மைக்தான். ஆள் நிற்கிற இடம்தான் மிக்ஸ்.

அதைப் புரிந்துகொள்ள நாங்கள் கல்கத்தாவுக்குப் போகத் தேவையில்லை. புத்தளம் டவுனைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் சிறாம்பியடி.

சிறாம்பியடியில் இருப்பவர்கள் ஆப்பிரிக்க வம்சாவளி மக்கள். போர்த்துக்கீசர், டச்சுக்காரர், பிரித்தானியர் என்று மூன்று ஆட்சியிலும் படையாட்களாகவும் அடிமைகளாகவும் இந்தத் தீவுக்குக் கொண்டுவரப்பட்டவர்களின் பிள்ளைகள். 19ஆம் நூற்றாண்டில் பிரித்தானியர் அவர்களைக் கொண்டு ஒரு படைப்பிரிவே வைத்திருந்தார்கள். அதன் ஒரு பகுதி புத்தளத்தில் இருந்தது. ஊரில் ‘காப்பிரி’ என்று சொல்வார்கள். அந்தச் சொல்லில் இருக்கிற இளக்காரம் எங்களுக்குப் பிடிக்காது, அதனால் இதற்கு மேல் அதைப் பாவிக்கவில்லை.

அவர்களுடைய பாட்டுக்குப் பெயர் மஞ்சா. போர்த்துக்கீசக் கிரியோல் மொழியில் சின்னச் சின்ன வரிகள். வரிகள் திரும்பத் திரும்ப வரும். மெதுவாக ஆரம்பித்து, ஏறி, ஏறி, கடைசியில் நின்றுகொண்டிருப்பவரையும் இழுத்து ஆடவைக்கும். வாத்தியம் என்ன என்று கேட்டால் பாதி குசினியிலிருந்து வந்தது: சிரட்டை, கரண்டி, கண்ணாடிப் போத்தல். அதோடு ஒரு மேளம் அல்லது றபான், கைதட்டு.

மஞ்சாவை ஒரு தடவை காதைத் தீட்டிக் கேட்டுப் பாருங்க. மேளம் கீழே அடியில் இருக்கும். சிரட்டைகள் நடுவில் ‘டொக் டொக்’ என்று காய்ந்த சத்தமாக இருக்கும். போத்தலில் கரண்டி படுகிற ‘கிண்’ எல்லாவற்றுக்கும் மேலே. மிச்ச இடத்தில் குரல்கள். ஒன்றின் மேல் ஒன்று ஏறி மிதிக்கிறதே இல்லை. யூடியூப்பில் மிக்ஸிங் சொல்லித்தருகிறவர்கள் ‘ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனித்தனி அதிர்வெண் இடம் கொடு’ என்று அரை மணித்தியாலம் வரைபடம் போட்டு விளக்குவார்கள். இந்த மனுசிமார் அதைச் சிரட்டையையும் போத்தலையும் தெரிவு செய்தபோதே முடித்துவிட்டார்கள். ஈக்வலைஸரில் வெட்ட அங்கே ஒன்றுமே மிச்சமில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. மஞ்சாவின் உயிர் அந்த வேகம் ஏறுவதில். கொம்பியூட்டர் சொஃப்ட்வெயாரைத் திறந்ததும் அது முதலில் கேட்கிறது, நிமிடத்துக்கு எத்தனை அடி என்று. 100 என்று போட்டு, கிளிக் சத்தத்தைக் காதில் கொடுத்து, ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பதிந்து சேர்த்தால் என்ன கிடைக்கும்? சத்தம் எல்லாம் சுத்தமாக இருக்கும். மஞ்சா இருக்காது. ஒருவர் மற்றவரைப் பார்த்துத்தான் வேகம் ஏறுகிறது. ஆகவே எல்லாரையும் ஒரே இடத்தில் வைத்து, ஒரே மைக்கில், ஒரே மூச்சில் பதியவேண்டும். அந்த இசைக்குப் பொருத்தமான முறையே அதுதான். வசதியில்லாததால் அப்படிச் செய்வதாக நினைக்கத் தேவையில்லை.

(பைலாவுக்கும் இந்த வழிக்கும் உறவுண்டு. ‘காப்பிரிஞ்ஞா’ தாளம் இலங்கையின் பைலாவுக்குள் போனது. பைலாவின் துள்ளல் நித்தி கனகரட்ணத்தின் ‘சின்ன மாமியே’க்குள்ளும், ஏ.ஈ. மனோகரனின் ‘சுராங்கனி’க்குள்ளும் வந்து எங்கட பொப்பிசை ஆனது. கலியாண வீட்டில் அந்தப் பாட்டுக்கு ஆடுகிறவர்கள் எத்தனை பேருக்கு இது தெரியும்?)

சரி, வீட்டு ஒலிப்பதிவு என்று இன்று நாம் சொல்கிற சங்கதிக்கு வருவோம். அது பிறந்த வருசம் என்று ஒன்றைக் காட்டச் சொன்னால் நாங்கள் 1979 ஐக் காட்டுவோம். ஜப்பானின் டியாக் கம்பனி அந்த வருசம் ‘போர்ட்டாஸ்டூடியோ 144’ என்று ஒரு பெட்டியை விற்பனைக்கு விட்டது. சாதாரணக் கசட்டில் நாலு ட்ராக் பதியலாம், அதே பெட்டியில் மிக்ஸும் செய்யலாம். அதுவரைக்கும் பல ட்ராக் ஒலிப்பதிவு என்றால் பெரிய ரீல் மெஷின், அதற்கென்று ஒரு அறை, ஒரு எஞ்சினியர். இது மேசையில் வைக்கிற சாமான்.

நாலு ட்ராக் என்றால் என்ன என்று இன்றைய பிள்ளைகளுக்கு விளங்கப்படுத்தவேண்டும். கித்தார் ஒன்று, குரல் இரண்டு, இன்னொரு குரல் மூன்று, மவுத் ஓர்கன் நாலு. முடிந்தது. ஐந்தாவது வேண்டுமென்றால் மூன்று ட்ராக்கையும் கலந்து நாலாவதில் இறக்கி, அந்த மூன்றையும் அழித்து மேலே பதியவேண்டும். இதைப் ‘பவுன்ஸ்’ என்பார்கள். ஒருதரம் கலந்தால் கலந்ததுதான், பாலில் சீனி போட்ட மாதிரி. ‘கித்தாரை இன்னும் கொஞ்சம் குறைத்திருக்கலாம்’ என்று நாளைக்கு யோசித்தால் திரும்பி வராது. ஒவ்வொரு பவுன்ஸுக்கும் ஒலி கொஞ்சம் மங்கும், கசட்டின் இரைச்சல் கொஞ்சம் கூடும். பீட்டில்ஸ் 1967 இல் ‘சார்ஜன்ட் பெப்பர்’ தொகுப்பைச் செய்ததும் நாலு ட்ராக் மெஷின்களில்தான். ஆனால் அவர்களிடம் பெரிய ஸ்டூடியோவும் திறமான எஞ்சினியர்களும் இருந்தார்கள் என்பதை மறக்கக்கூடாது. கிங்ஸ்டனில் லீ ‘ஸ்கிராட்ச்’ பெரி 1973 இல் தன் வீட்டுக் கொல்லையில் கட்டிய ‘பிளாக் ஆர்க்’ ஸ்டூடியோதான் எங்கட நிலைமைக்குக் கிட்ட. நாலு ட்ராக்கில் பவுன்ஸுக்கு மேல் பவுன்ஸ் செய்ததால் வந்த அந்தச் சேற்று மணமுள்ள ஒலியே அவருடைய முத்திரை ஆனது. பிறகு எத்தனையோ பேர் நல்ல மெஷின் வைத்துக்கொண்டு அந்த மங்கலைத் தேடி அலைந்தார்கள்.

போர்ட்டாஸ்டூடியோவின் மிகப் பெரிய கதை புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனுடையது. 1982 ஜனவரி 3 ஆம் தேதி, நியூ ஜெர்சியில் அவர் இருந்த வீட்டின் படுக்கையறை. ஒரு போர்ட்டாஸ்டூடியோ, இரண்டு ஷூர் மைக், கித்தார், மவுத் ஓர்கன். தன் இசைக்குழுவுக்குப் பாட்டைச் சொல்லித்தருவதற்கான மாதிரிதான் அது. எதிரொலிக்கு ஒரு பழைய எக்கோ பெட்டி வழியாக விட்டு, வீட்டில் கிடந்த பனசொனிக் கசட் பெட்டியில் இறக்கினார். அந்தக் கசட்டை உறைகூட இல்லாமல் காற்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு திரிந்தார். பிறகு இசைக்குழுவோடு ஸ்டூடியோவுக்குப் போய் அதே பாட்டுகளைப் பெரிதாகச் செய்து பார்த்தார்கள். சில பாட்டுகள் அங்கே நன்றாக வந்தன. ஆனால் வேலையிழந்தவனும் கொலைகாரனும் பேசுகிற அந்தத் தனிமைப் பாட்டுகள் செத்துப்போயின. கடைசியில் பையில் கிடந்த கசட்டையே இசைத்தட்டாக்கினார்கள். மெல்லிய ஒலியும் இரைச்சலுமாக இருந்த கசட்டைத் தட்டில் வெட்டுவதற்குத் தொழிலாளிகள் பட்ட பாடு பெரிய பாடு. அதே வருசம் செப்டெம்பரில் ‘நெப்ராஸ்கா’ வெளிவந்தது.

நாங்கள் இந்தக் கதையில் வியப்பது கசட்டை இல்லை. அவருக்கு ஸ்டூடியோ கிடைத்தது, குழு இருந்தது, காசு இருந்தது. எல்லாவற்றையும் செய்து பார்த்துவிட்டு, ‘இந்தப் பாட்டுக்கு அந்த அறைதான் சரி’ என்று திரும்பி வந்தாரே, அதைத்தான்.

இதற்கு நேர்மாறான பக்கத்திலிருந்து வந்தவர் எங்கட ஆள். மாதங்கி அருள்பிரகாசம். உலகத்துக்கு எம்.ஐ.ஏ. லண்டனில் பிறந்து, கைக்குழந்தையாக யாழ்ப்பாணம் வந்து, 1986 இல் போரிலிருந்து தப்பித் திரும்ப லண்டன் போன பிள்ளை. சென்ட்ரல் செயின்ட் மார்ட்டின்ஸில் சினிமாவும் கலையும் படித்தார். இசை படிக்கவில்லை, வாத்தியம் எதுவும் வாசிக்கத் தெரியாது. எலாஸ்டிகா குழுவின் சுற்றுப்பயணத்தைப் படம் பிடிக்கப் போன இடத்தில் பீச்சஸ் என்ற பாடகி மேடையில் ஒற்றை ஆளாக ரோலண்ட் எம்சி-505 என்ற பெட்டியை வைத்துக்கொண்டு முழு நிகழ்ச்சியும் செய்வதைப் பார்த்தார். பிறகு எலாஸ்டிகாவின் ஜஸ்டின் ஃப்ரிஷ்மனிடமிருந்து அதே பெட்டி கைக்கு வந்தது. அதோடு இரண்டாம் கை நாலு ட்ராக் மெஷின் ஒன்று, ஒரு மைக். லண்டன் வீட்டு அறையில் இவற்றை வைத்து ஆறு பாட்டு கொண்ட மாதிரிக் கசட் செய்தார்.

‘கலாங்’ அதிலிருந்து வந்தது. 2003 இல் முதலில் 500 தட்டுகள் மட்டும் அச்சானது. பிறகு ஸ்டீவ் மக்கி, ராஸ் ஓர்டன் என்ற தயாரிப்பாளர்கள் அதில் கை வைத்தார்கள் என்பதும் உண்மை. தனி ஆளாக எல்லாம் செய்தார் என்று கதை கட்ட நாங்கள் விரும்பவில்லை. ஆனால் எலும்புக்கூடு அந்தப் பெட்டியின் எலும்புக்கூடுதான். மெலடிக்காரி இல்லை என்பதால் குரலையே தாளமாகப் பாவித்தார். அடுக்க ட்ராக் இல்லை என்பதால் ஒவ்வொரு சத்தமும் தடித்ததாக, முரடாக இருக்கவேண்டி வந்தது. 2005 இல் வந்த ‘அருளர்’ தொகுப்பைக் கேட்டால் சத்தங்களுக்கிடையே எவ்வளவு வெற்றிடம் இருக்கிறது பாருங்க. அந்த வெற்றிடத்தை நிரப்புகிற வசதி கையில் இருந்திருந்தால் நிரப்பியிருப்பார்களோ என்னவோ.

அடுத்த தொகுப்புக்கு அவரிடம் பெயரும் இருந்தது, கம்பனியும் இருந்தது. 2006 இல் அமெரிக்க விசா கிடைக்கவில்லை. அங்கே பெரிய தயாரிப்பாளர்களோடு செய்ய இருந்த திட்டம் குழம்பியது. அவர் ஊர் ஊராகப் போனார். சென்னைக்கும் வந்தார். ‘பேர்ட் ஃப்ளூ’ பாட்டில் உறுமி அதிர்வது அப்படித்தான். சென்னையில் அவர் வேலை செய்த இடங்களில் ஒன்று ஏ.ஆர். ரஹ்மானின் பஞ்சதன் ஸ்டூடியோ.

அந்தப் பஞ்சதனும் ஒரு வீட்டு ஸ்டூடியோவாகத்தான் தொடங்கியது. 1989 இல் கோடம்பாக்கத்தில் ரஹ்மான் தன் வீட்டுக் கொல்லையில் கட்டியது. விளம்பர இசை செய்துகொண்டிருந்த இளைஞர் 25,000 ரூபா சம்பளத்துக்கு ‘ரோஜா’வை ஏற்றுக்கொண்டு அங்கே செய்தார், 1992 இல் படம் வந்தது. இதை ஏழ்மைக் கதையாகச் சொல்கிறவர்களை நாங்கள் நம்புவதில்லை. அன்றைய கணக்குக்கு அது நல்ல கருவிகள் உள்ள இடம். ஆனால் சின்ன இடம். பிரசாத் ஸ்டூடியோவில் இளையராஜா செய்தது போல ஒரு பெரிய வாத்தியக்குழுவை ஒன்றாக இருத்தி ஒரே மூச்சில் வாசிக்கவைக்க அங்கே முடியாது. ஒவ்வொருவராக இரவில் வருவார்கள், அடுக்கடுக்காகச் சேரும். தமிழ்ப் பாட்டின் ஒலி மாறியதில் அந்த அறையின் அளவுக்கும் பங்கிருக்கிறது என்பது எங்கட எண்ணம்.

இவ்வளவு சொன்ன பிறகு ஒன்றைச் சொல்லாமல் விட்டால் அது அநியாயம். இல்லாமையை அழகாக்கிப் பேசுவது சுலபம். 1990 இலிருந்து 1995 வரை யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் ரேடியோவும் கசட்டும் கேட்டார்கள். கேட்கையில் அருமையான கதை. சுற்றியவர்களிடம் கேட்டால் கை நோவைத்தான் முதலில் சொல்வார்கள். அதே 1990 ஒக்டோபரில்தான் புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்தில் கொடுத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். ஏராளமானவர்கள் வந்து சேர்ந்தது புத்தளத்துக்கு. எங்கட குழுவில் பாதிப் பேரின் குடும்பங்கள் அப்படி வந்தவை. கையில் எடுத்து வந்தவற்றில் கசட் யாருக்கும் ஞாபகம் வரவில்லை. மூத்தப்பாவின் பைத் ஓதுகிற குரல், மூத்தம்மாவின் தாலாட்டு, கலியாண வீட்டில் றபான் அடித்துப் பாடியது எதுவும் எங்கட வீடுகளில் இல்லை. இங்கே எல்லை எதையும் படைக்கவில்லை. பறித்தது மட்டும்தான்.

சிறாம்பியடியிலும் வேறு விதமாக இதுதான் நடக்கிறது. கிரியோல் பேசத் தெரிந்த கிழவர்கள் குறைந்துகொண்டே போகிறார்கள். இளசுகள் மஞ்சாவைப் பாடுகிறார்கள், சொற்களின் பொருள் முழுதாகத் தெரியாமலே. வீட்டில் பேசுவது சிங்களம்.

ஆகவே ‘நல்ல மைக் வரட்டும்’ என்ற பேச்சு எங்களுக்குச் சும்மா சோம்பல் பேச்சாகத் தெரிவதில்லை. அதற்கு ஒரு விலை இருக்கிறது.

எங்கட முறை 2022 இல் பழகியது. அந்த மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் இல்லை. லெப்டொப் பட்டரி இரண்டு மணித்தியாலம் தாங்கும். சொஃப்ட்வெயாரில் 200 ட்ராக் திறக்கலாம்தான். பட்டரி சம்மதிக்கவேண்டுமே. அதனால் நாலு ட்ராக்குக்கு மேல் திறப்பதில்லை என்று வைத்துக்கொண்டோம். கரண்ட் ஒழுங்கான பிறகும் அதை மாற்றவில்லை. பாட்டை முதலில் எல்லாரும் இருந்து நாலைந்து தரம் பாடிப் பார்ப்பது, யார் எங்கே இருப்பது என்று போனைத் தரையில் வைத்துப் பதிந்து கேட்பது, றபான்காரரைக் கதவுக்கு வெளியே தள்ளுவது, பிறகுதான் லெப்டொப். மெத்தையைச் சுவரில் சாத்தினால் எதிரொலி போகும். பாயைச் சாத்தினால் போகாது, சாத்திப் பார்த்தோம். மிக்ஸ் செய்ததை ஹெட்போனில் ஒருதரம் கேட்போம், பிறகு த்ரீவீலுக்குள் இருக்கிற ஸ்பீக்கரில். ஊரில் முக்கால்வாசிப் பேர் பாட்டுக் கேட்பது அதில்தான். த்ரீவீலில் சொல் விளங்கவில்லையென்றால் மிக்ஸ் முடியவில்லை.

நேரத்தை நாங்கள் தெரிவு செய்ய முடியாது, ஊர்தான் தெரிவு செய்யும். மத்தியானம் களப்புக் காற்று. பின்னேரம் மயில். விடியல் சுபஹுக்குப் பிறகு ஒரு மணித்தியாலம்தான் அமைதி. அதற்குள்ளும் அருவக்காட்டுச் சுண்ணாம்புக்கல் ஏற்றிப்போகிற ரயில் குறுக்கே வரலாம்.

போன நோன்பு மாதத்துக்கு முன்னர் எங்களில் ஒருவருடைய மூத்தம்மாவிடம் தாலாட்டு ஒன்றைப் பதிந்தோம். எருக்கலம்பிட்டியில் பிறந்தவர். ஒரே மைக், ஒரே ட்ராக். இரண்டாம் அடியில் மறந்து நின்றார். “பொறுங்க மகன், வரும்” என்றார். அந்த நேரம் பார்த்து ரயில். பதினைந்து செக்கன் அது போகும்வரை பேசாமல் இருந்துவிட்டு, சுருதி கொஞ்சமும் இறங்காமல் விட்ட இடத்திலிருந்து எடுத்துப் பாடி முடித்தார். இன்னொருதரம் பாடுவீங்களா என்று கேட்டதற்கு, குசினியில் உலை வைத்திருப்பதாகச் சொல்லி எழும்பிப் போய்விட்டார். ரயிலை வெட்டுவதா வேண்டாமா என்று எங்களுக்குள் இரண்டு நாள் சண்டை. வெட்டவில்லை.